பாரிஸ் செம்மண்ணில் ஸ்வியாடெக்கின் இடம் எது?

2024 ஜூனில் நான்காவது முறையாகப் பிரெஞ்சு ஓபன் கோப்பையைத் தூக்கியபோது போலந்து வீராங்கனை இகா ஸ்வியாடெக்குக்கு 23 வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து டென்னிஸ் ரசிகர்கள் நடுவே ஒரு கேள்வி ஓயவே இல்லை. பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலண்ட் காரோஸில் ஆடிய பெண்களில் இவருக்கு எத்தனையாவது இடம்? கிறிஸ் எவர்ட்டுக்குப் பக்கத்திலா, ஸ்டெஃபி கிராஃபுக்குக் கீழேயா, ஜஸ்டின் ஹெனினுக்கு மேலேயா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவர்ட் முதலிடம். கிராஃப் இரண்டாமிடம். மூன்றாமிடத்துக்கு ஸ்வியாடெக்குக்கும் ஹெனினுக்கும் நடுவே மயிரிழைதான் வித்தியாசம். அதில் நான் ஸ்வியாடெக் பக்கம். மோனிகா செலஸை மட்டும் எந்த வரிசையிலும் மனம் ஒப்பி உட்கார வைக்க முடியவில்லை.

சிலரை வெளியே விட்டதற்கும் காரணம் உண்டு. மகளிர் கோப்பைக்கே சுசான் லெங்லெனின் பெயர்தான். ஆனால் அவர் வென்றதெல்லாம் 1928-ல் ரோலண்ட் காரோஸ் அரங்கம் கட்டப்படுவதற்கு முன்பு. மார்கரெட் கோர்ட் ஐந்து முறை வென்றார்; அதில் இரண்டு, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்த 1968-க்கு முந்தையவை. செரீனா வில்லியம்ஸ் 2002, 2013, 2015 என மூன்று முறை வென்றிருக்கிறார். மொத்தக் கணக்கில் இந்த ஐவரில் யாரோடும் தோள் நிமிர்த்தி நிற்கக்கூடியவர்தான். ஆனாலும் செம்மண் அவருடைய சொந்த வீடு இல்லை.

சரி, எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். எவர்ட்டுக்கு ஏழு பட்டங்கள், கிராஃபுக்கு ஆறு, ஹெனினுக்கும் ஸ்வியாடெக்குக்கும் தலா நான்கு, செலஸுக்கு மூன்று. ரோலண்ட் காரோஸில் எவர்ட் 72 ஆட்டங்களில் வென்று 6-ல் தோற்றார். கிராஃப் 84 வெற்றி, 10 தோல்வி. ஹெனின் 38 வெற்றி, 5 தோல்வி. 2025 போட்டி முடிந்த நிலையில் ஸ்வியாடெக் 40 வெற்றி, 3 தோல்வி. விகிதம் பார்த்தால் ஸ்வியாடெக்தான் எல்லோருக்கும் மேலே. ஆனால் இளமையின் உச்சத்தில் இருப்பவரின் விகிதத்தையும் முப்பது வயது தாண்டியும் ஆடி, தேய்ந்த காலத்துத் தோல்விகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டவரின் விகிதத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பட்டங்களின் எண்ணிக்கையும் முழு உண்மையைச் சொல்வதில்லை. எவர்ட் 1974, 1975 இரண்டு ஆண்டும் வென்றார். அடுத்த மூன்று ஆண்டுகள் பாரிஸுக்கே போகவில்லை; அந்த வேளையில் அமெரிக்காவில் நடந்த குழு டென்னிஸ் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். அவர் போகாத அந்த மூன்று ஆண்டுகளிலும் செம்மண்ணில் அவரை ஒருவர்கூடத் தோற்கடிக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1975 முதல் 1977 வரை யு.எஸ். ஓபனும் ஃபாரஸ்ட் ஹில்ஸில் பச்சை நிறக் களிமண் தரையில்தான் நடந்தது. மூன்று ஆண்டும் எவர்ட்டே வென்றார். ஆக, மண் தரையில் மட்டும் அவருக்குப் பத்து கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்கள்.

மட்டையைப் பற்றியும் பேசாமல் முடியாது. எவர்ட் வளர்ந்தது மரமட்டையோடு. இன்றைய மட்டையின் முகம் அதைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பெரியது. 1997-ல் பிரேசில் வீரர் குஸ்தாவோ குயர்டென் பாலியெஸ்டர் நரம்பு கட்டிய மட்டையோடு பாரிஸில் வென்ற பிறகு, ஆட்டத்தின் இயல்பே மாறிப்போனது. அந்த நரம்பு பந்து படும்போது சறுக்கி விலகி, சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த வேகத்தில் பந்து கடுமையாகச் சுழலும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கோட்டுக்குள் வந்து விழும். விழுந்ததும் தோளுக்கு மேலே எகிறும். ஸ்வியாடெக்கின் ஃபோர்ஹேண்ட் இந்தக் காலத்தின் பிள்ளை. கைப்பிடியை நன்றாகச் சுழற்றிப் பிடித்து, கீழிருந்து மேலே துடைத்து வீசும் அடி அது. மரமட்டையில் அந்த அடியை அடிக்கவே முடியாது. அதனால் 2022-ன் ஸ்வியாடெக்கை 1975-ன் எவர்ட்டோடு கற்பனையில் மோதவிட்டு யார் ஜெயிப்பார் என்று கேட்பதில் பொருள் இல்லை. அவரவர் காலத்து எதிராளிகளை அவரவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க முடியும்.

அதிலும் நான் பெரிதாக மதிப்பது ஒன்று உண்டு. புதிதாக ஒருவர் வரும்போது யாருக்கும் அவருடைய ஆட்டம் பிடிபடாது. அப்போது வெல்வது ஒரு வகை. நம் ஆட்டத்தை எதிராளி முழுக்கப் படித்து, அதே மண்ணில் நம்மை வீழ்த்தியும் காட்டிய பிறகு திரும்பி வந்து வெல்வது வேறு வகை. இரண்டாவதுதான் கடினம். அந்தக் கண்ணோடு இந்த ஐவரையும் பார்த்தால் வரிசை தானாகவே தெளிவாகிறது.

எவர்ட்டிடமிருந்து தொடங்கலாம். 1973 ஆகஸ்டிலிருந்து 1979 மே வரை செம்மண்ணில் தொடர்ந்து 125 ஆட்டங்களில் வென்றவர். ரோம் அரையிறுதியில் 16 வயது டிரேசி ஆஸ்டின் மூன்றாவது செட் டைபிரேக்கில் (6-6 ஆனதும் செட்டை முடிவுசெய்ய ஆடுவது) அந்தத் தொடரை முடித்துவைத்தார். சில வாரங்களிலேயே எவர்ட் பாரிஸுக்கு வந்து, இறுதியில் வெண்டி டர்ன்புல்லை 6-2, 6-0 என்று வென்றார். செம்மண்ணில் அவரை அடுத்து ஒருவர் தோற்கடிக்க 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் ஹானா மண்ட்லிகோவா அதைச் செய்தார்.

இந்தத் தொடரைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1985. அதற்கு முந்தைய ஆண்டு இறுதிப்போட்டியில் மார்ட்டினா நவ்ரத்திலோவா எவர்ட்டை 6-3, 6-1 என்று துவைத்திருந்தார், அதுவும் எவர்ட்டின் சொந்தத் தரையில். நவ்ரத்திலோவா உடலை இரும்பாக்கிக்கொண்டு, பந்து விழுந்ததும் வலையை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த காலம் அது. எவர்ட் அவரிடம் தொடர்ந்து 13 முறை தோற்றிருந்தார். வயது முப்பதாகிவிட்டது. எவர்ட்டின் காலம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவரோ மரமட்டையைக் கைவிட்டு கிராஃபைட் மட்டைக்கு மாறியிருந்தார், உடலுக்குப் பலம் ஏற்றினார், பாரிஸுக்குத் திரும்பி வந்தார். இறுதிப்போட்டி 6-3, 6-7 என்று மூன்றாவது செட்டுக்குப் போனது. அதில் 5-5 என்று இருந்தபோது, தன் சர்வீஸில் 0-40 என்ற பள்ளத்திலிருந்து ஏறி வந்தார். கடைசிப் புள்ளியை, வலைக்கு ஓடிவந்த நவ்ரத்திலோவாவைத் தாண்டி இரண்டு கை பேக்ஹேண்டால் கோட்டோரம் அனுப்பி முடித்தார். 7-5. அடுத்த ஆண்டும் அதே எதிராளி, அதே இறுதி. முதல் செட்டை இழந்தும் வென்றார்.

ஏழு பட்டங்களில் கடைசி இரண்டுதான் எவர்ட்டை என் வரிசையில் முதலிடத்தில் உட்கார வைக்கின்றன. 1970-களில் போட்டி இவ்வளவு கடுமையாக இல்லை, முதல் சுற்றுகள் சுலபம் என்று சிலர் சொல்வது நியாயமான பேச்சுதான். ஆனால் 1985-ல் எதிரே நின்றவர் நவ்ரத்திலோவா. அந்த வெற்றியை எந்தக் காலத்துத் தராசில் வைத்தாலும் எடை குறையாது.

கிராஃபின் கதை வேறு மாதிரி. 1987-ல் நவ்ரத்திலோவாவை வென்று முதல் பட்டம். 1988 இறுதியில் நடாஷா ஸ்வெரேவாவை 6-0, 6-0 என்று முடிக்க அவருக்கு அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆயிற்று. அந்த ஆண்டு நான்கு கிராண்ட்ஸ்லாமும் ஒலிம்பிக் தங்கமும் அவருக்கே. அதன்பிறகு பாரிஸ் இறுதிகளில் அவருக்கு விடை கண்டுபிடித்தவர்கள் இருவர். 1989 இறுதியில் 17 வயது அரான்ட்சா சான்சஸ் அவரை ஓடவிட்டே களைக்க வைத்தார். 1990-லும் 1992-லும் செலஸ்.

இங்கேதான் மனம் கனக்கிறது. செலஸ் இரண்டு பக்கமும் இரண்டு கையால் அடிப்பவர். பந்து எழும்பும்போதே உள்ளே நுழைந்து அடித்துவிடுவார்; எதிராளிக்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. 1990 இறுதியில் முதல் செட் டைபிரேக்கில் கிராஃப் 6-2 என்று முன்னால் இருந்தார், நான்கு செட் பாயிண்ட். 16 வயதுச் செலஸ் அடுத்த ஆறு புள்ளிகளையும் எடுத்தார். அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் கோப்பை அவர் கையில். 1992-ல் மூன்றாவது செட் 10-8 வரை போன அந்த இறுதி, ரோலண்ட் காரோஸின் மிகச் சிறந்த மகளிர் ஆட்டங்களில் ஒன்று. 1993 ஏப்ரல் 30 அன்று ஹாம்பர்க்கில், ஆட்டத்தின் இடைவேளையில் உட்கார்ந்திருந்தபோது கிராஃபின் ரசிகன் ஒருவன் செலஸின் முதுகில் கத்தியால் குத்தினான். செலஸுக்கு அப்போது 19 வயது. திரும்பி வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1998-ல் தந்தை இறந்து சில வாரங்களே ஆன நிலையில் பாரிஸ் இறுதி வரை வந்தார். கோப்பை கிடைக்கவில்லை. மூன்று பட்டங்கள் என்ற எண்ணை வைத்து அவரை ஐந்தாமிடத்தில் எழுதுவது கணக்குக்குச் சரியாக இருக்கலாம், ஆனால் அநியாயம். எழுதாமல் போன பட்டங்களை எண்ணி மேலே ஏற்றவும் முடியாது. அதனால் அவரை வரிசைக்கு வெளியே, தனியாக நிறுத்துகிறேன்.

கிராஃபின் 1993, 1995, 1996 பட்டங்களைப் பேசும்போது இந்த நிழல் கூடவே வரும். அது அவர் செய்த தவறு இல்லை, ஆனால் எடை போடும்போது ஒதுக்கிவிடவும் முடியாது. அந்தக் குறையை ஈடுகட்டுவது 1999. வயது 29, முழங்காலும் முதுகும் மாறி மாறிப் படுத்திய ஆண்டுகளுக்குப் பிறகு வந்திருந்தார். காலிறுதியில் லிண்ட்சே டேவன்போர்ட், அரையிறுதியில் அதே செலஸ், இறுதியில் மார்டினா ஹிங்கிஸ். அன்றைய தரவரிசையின் முதல் மூன்று பேர். ஹிங்கிஸ் ஒரு செட் முன்னால் போய், இரண்டாவது செட்டில் ஆட்டத்தை முடிக்க சர்வீஸும் போட்டார். நடுவில் பந்து விழுந்த தடத்தைப் பார்க்க வலையைச் சுற்றிக் கிராஃபின் பக்கம் வந்து ஒரு புள்ளி அபராதமும் வாங்கினார். அரங்கம் முழுக்க அவருக்கு எதிராகத் திரும்பியது. 4-6, 7-5, 6-2 என்று கிராஃப் வென்றார். எவர்ட்டின் 1985-க்கு இணையாக நான் வைக்கும் ஒரே வெற்றி இதுதான். பல ஆண்டுகள் எவர்ட்டுக்குச் செம்மண்ணில் இருந்த முழு ஆதிக்கம் கிராஃபுக்கு இல்லை என்பதால் இரண்டாமிடம்.

1992-ன் அந்தக் கிராஃப்-செலஸ் இறுதியை அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண்ணும் உண்டு. அம்மா அழைத்து வந்திருந்தார். என்றாவது நானும் இங்கே ஆடுவேன் என்று அம்மாவிடம் சொன்ன அந்தப் பெண்தான் ஜஸ்டின் ஹெனின். சில ஆண்டுகளில் அம்மா இறந்துபோனார். 2003-ல் ஹெனின் கோப்பை வாங்கினார்.

ஹெனினின் உயரம் 1.67 மீட்டர்தான். செரீனா, வீனஸ், டேவன்போர்ட் போன்ற உயரமான, பலமான அடிக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர் ஒற்றைக் கை பேக்ஹேண்டோடு வந்தார். டாப்ஸ்பின், ஸ்லைஸ், கோட்டோரம் என்று அந்த ஒரே அடியில் எல்லாம் இருந்தது. 2003 அரையிறுதியில் செரீனாவை மூன்று செட்டில் வீழ்த்தினார். அப்போது நான்கு கிராண்ட்ஸ்லாமும் செரீனாவின் கையில் இருந்தன. 2007 காலிறுதியிலும் செரீனாவை நேர் செட்டில் வென்றார். 2005 முதல் 2007 வரை தொடர்ந்து மூன்று கோப்பை. 2005 நான்காவது சுற்றில் குஸ்நெட்சோவாவிடம் தோல்வியின் விளிம்பில் மேட்ச் பாயிண்ட்டைத் தாண்டி வந்தவர், 2006-லும் 2007-லும் ஒரு செட்கூட விடவில்லை. 2008 மே மாதம், பிரெஞ்சு ஓபன் தொடங்க சில நாள்களே இருக்கும்போது, முதல் நிலை வீராங்கனையாகவே ஓய்வு அறிவித்துவிட்டார். 2010-ல் திரும்பி வந்து நான்காவது சுற்றில் ஸ்டோசரிடம் தோற்றார்.

ஓபன் யுகத்தில், அதாவது 1968-லிருந்து, பாரிஸில் தொடர்ந்து மூன்று முறை வென்ற பெண்கள் மூவர்தான்: செலஸ், ஹெனின், ஸ்வியாடெக். ஹெனினுக்கும் ஸ்வியாடெக்குக்கும் ஒப்பீடு இயல்பாகவே வந்து அமைகிறது.

ஸ்வியாடெக் 2019-ல் நான்காவது சுற்றில் சிமோனா ஹாலெப்பிடம் 6-1, 6-0 என்று தோற்றார். அடுத்த ஆண்டு, கொரோனாவால் செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிப்போய் அக்டோபரில் முடிந்த போட்டியில், தரவரிசையில் 54-ஆம் இடத்திலிருந்து வந்து, அதே சுற்றில், அதே ஹாலெப்பை 6-1, 6-2 என்று வென்றார். ஒரு செட்கூட விடாமல் கோப்பையும் வாங்கினார். 2021 காலிறுதியில் மரியா சக்காரியிடம் தோல்வி. அதற்குப் பதில் 2022 முதல் மூன்று கோப்பைகள். 2022-ல் பல தரைகளிலும் சேர்த்துத் தொடர்ந்து 37 வெற்றிகள். கோகோ காஃபை அந்த மூன்று ஆண்டுகளிலும் பாரிஸில் வென்றார், ஒருமுறை இறுதியில், ஒருமுறை காலிறுதியில், ஒருமுறை அரையிறுதியில். 2024 இரண்டாவது சுற்றில் நவோமி ஒசாகா மூன்றாவது செட்டில் 5-2 என்று முன்னால் போய் மேட்ச் பாயிண்ட்டும் வைத்திருந்தார். ஸ்வியாடெக் அதிலிருந்தும் மீண்டார்.

ஹெனினை விட அவரை மேலே வைக்க எனக்குப் போதுமான காரணம், ஒரு மோசமான வருகைகூட இல்லை என்பது. 2025 வரை ஏழு முறை வந்து நான்கு கோப்பை. மற்ற மூன்றிலும் குறைந்தது நான்காவது சுற்று. ஹெனின் 2002-ல் முதல் சுற்றிலும், நடப்புச் சாம்பியனாக வந்த 2004-ல் இரண்டாவது சுற்றிலும் வெளியேறியிருக்கிறார். இரண்டு வாரம், ஏழு ஆட்டம், வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஒரு முழுப் போட்டிக்கு யாரை நம்புவது என்றால் ஸ்வியாடெக்தான். ஆனால் ஒரே ஒரு ஆட்டம், எதிரே பந்தைப் பிளந்து அடிக்கும் ஒருத்தி என்றால் நான் ஹெனினைத்தான் இறக்குவேன். அடி பலத்தோடு வேகமாக, தட்டையாக வந்து நேரத்தைப் பறிக்கும்போது ஸ்வியாடெக்கின் பெரிய வீச்சு தாமதமாகிறது. ஓஸ்டபென்கோ 2025 வரை மோதிய ஆறு முறையும் அவரை வென்றது இப்படித்தான். ஹெனினிடம் அந்த வேகத்தை உடைக்க ஸ்லைஸ் இருந்தது, வலைக்கு வந்து முடிக்கும் கை இருந்தது, ஆட்டத்தின் நடுவிலேயே திட்டத்தை மாற்றும் பழக்கமும் இருந்தது. (இருவரும் நேருக்கு நேர் மோதினால் ஸ்வியாடெக்கின் எகிறும் பந்துகள் குட்டையான ஹெனினின் ஒற்றைக் கை பேக்ஹேண்டைத் தோளுக்கு மேலே இழுத்துப்போய்ப் படுத்தியிருக்கும் என்பதும் என் எண்ணம்.)

கிராஃபுக்கும் எவர்ட்டுக்கும் அருகே ஸ்வியாடெக்கை வைக்கத் தயங்குவதற்கு 2024 ஆகஸ்டும் 2025 ஜூனும்தான் காரணம். பாரிஸ் ஒலிம்பிக் இதே மண்ணில் நடந்தது. அரையிறுதியில் ஜெங் சின்வென் 6-2, 7-5 என்று வென்றார், ஸ்வியாடெக்குக்கு வெண்கலம். அடுத்த ஆண்டு பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் அரினா சபலென்கா அவருடைய 26 ஆட்டத் தொடரை முடித்தார், மூன்றாவது செட் 6-0. ஸ்வியாடெக்கை அவருடைய வீட்டிலேயே எப்படி வீழ்த்துவது என்று இப்போது எதிராளிகளுக்குத் தெரியும். 1984-ல் எவர்ட் நின்ற இடத்தில், 1992-ல் கிராஃப் நின்ற இடத்தில், அவர் வந்து நிற்கிறார்.

அவர் மாறக்கூடியவர் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. அந்தத் தோல்விக்கு ஐந்தே வாரத்தில், அவருக்கு ஒத்துவராது என்று எல்லோரும் சொல்லிவந்த விம்பிள்டன் புல்தரையில், இறுதியில் அமண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று 57 நிமிடத்தில் வென்றார். ஓபன் யுகத்தில் ஒரு கிராண்ட்ஸ்லாம் மகளிர் இறுதி அந்தக் கணக்கில் முடிந்தது இதற்கு முன் ஒரே ஒருமுறை, 1988 பாரிஸில் கிராஃப் வென்றபோது. கிராஃபுக்கு அப்போது 18 வயது, ஸ்வியாடெக்குக்கு 24. அந்த 24 வயதில் கிராஃபின் கையில் மூன்று பாரிஸ் கோப்பைகள்தான் இருந்தன. அடுத்த மூன்றும் பிறகுதான் வந்தன, கடைசியானது 29 வயதில். செம்மண்ணில் சபலென்காவையோ காஃபையோ நேரே வென்று ஸ்வியாடெக் ஐந்தாவது கோப்பையை எடுக்கட்டும். அப்போது இரண்டாமிடத்தை நான் மறுபடியும் எழுதிப் பார்ப்பேன்.